முகத்துக்கு வாசனை எண்ணெயா, வெறும் எண்ணெயா, பாமசி மருந்தா?

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் டீ ட்ரீ, லெவண்டர், ரோஸ், லெமன் என்று எசென்ஷியல் ஒயில் என்ற வாசனை எண்ணெய் வகைகள் சின்னச் சின்னப் போத்தல்களில் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. கடைக்குப் போகாவிட்டாலும் கைப்பேசியில் ஓடர் கொடுத்தால் வாசலுக்கு வந்துவிடும். பாமசியில் வேலை செய்யும் என்னிடம், "அக்கா, இது முகத்துக்குப் பூச நல்லமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். பருவோடு அவதிப்படும் ஏ.எல். பிள்ளைகள் கேட்கிறார்கள், கல்யாணம் நெருங்கும் பெண்கள் கேட்கிறார்கள், நாற்பது தாண்டிக் கன்னத்தில் கருமை படர்ந்தவர்களும் கேட்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்ப முடியாது.

முன்னால் இருக்கும் வழிகள் இவைதான். வாசனை எண்ணெயை வாங்கி, தேங்காய் எண்ணெய் போன்ற ஒன்றில் கலந்து வீட்டிலேயே செய்து பூசலாம். வாசனை எண்ணெய் ஏற்கனவே அளவாகச் சேர்ந்த ஜெல், கிறீம் வாங்கலாம். வாசனை எதுவும் இல்லாத வெறும் எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளலாம். பன்னீர், கற்றாழை என்று நீர்ப்பக்கம் போகலாம். அல்லது பருவுக்கென்று இருக்கும் மருந்தையே பாமசியில் வாங்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் தோலுக்கும் எங்கள் வெயிலுக்கும் வாசனை குறையக் குறைய நல்லது. பருவுக்காக டீ ட்ரீயை மட்டும் அளந்து, இரவில், பரு உள்ள இடத்தில் வைப்பதற்கு நியாயம் இருக்கிறது. மற்ற வாசனை எண்ணெய்கள் முகத்தில் தரும் பலனைவிட அவற்றால் வரக்கூடிய கெடுதல் பெரிது.

எரிச்சல் விட்டுப்போகும் கறுப்பு

இணையத்தில் வரும் குறிப்புகளில் பெரும்பகுதி வெள்ளைத் தோல்காரரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அந்தத் தோலில் எரிச்சல் வந்தால் சிவக்கும், சில நாளில் தணிந்துவிடும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் கதை அங்கே முடிவதில்லை. தோல் எந்தக் காரணத்தால் அழன்றாலும், ஆறும்போது அந்த இடத்தில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் கூடுதலாகச் சேர்ந்து கறுத்துப்போகும். பரு போன பிறகும் அதன் அடையாளம் நிற்பது இதனால்தான். அந்தக் கறுப்பு மறைய மாதக்கணக்கு எடுக்கும், தோலின் அடி அடுக்குக்கு இறங்கிவிட்டால் வருடக்கணக்கும் ஆகும். வெயில் பட்டால் இன்னும் அழுத்தமாகும்.

வெயிலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. மட்டக்களப்பு பூமத்திய ரேகையிலிருந்து 8 பாகைக்குள் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பும், பிறகு செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் கச்சான் காற்று வேறு தோலை வறட்டிவிடும். வறண்டு வெடித்த தோலுக்குள் எதுவும் சுலபமாக இறங்கும், எரிச்சலும் சுலபமாக வரும். சம்மாந்துறை வயலில் அறுவடைக்கு நிற்பவருக்கும், களுவாஞ்சிகுடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் தினமும் வேலைக்கு வருபவருக்கும் முகத்துக்கு முதல் எதிரி இந்த வெயில்தான். பரு அதற்குப் பிறகு.

ஆகவே எந்தப் பொருளையும் எடைபோடும்போது நான் கேட்பது இரண்டு கேள்விகள். இது எரிச்சல் தரும் வாய்ப்பு எவ்வளவு? அந்த வாய்ப்பை ஏற்கும் அளவுக்கு இதனால் நிச்சயமான பலன் உண்டா?

போத்தலுக்குள் இருப்பது

வாசனை எண்ணெய் என்பது இலை, பூ, பட்டை, தோல் ஆகியவற்றிலுள்ள ஆவியாகும் சத்தை மட்டும் பிரித்தெடுத்தது. பெரும்பாலானவற்றை நீராவியில் வடிப்பார்கள். தோடை, லெமன் வகைகளை மட்டும் தோலை நசுக்கியே பிழிவார்கள். ஒரு கிலோ ரோசா எண்ணெய்க்கு 3000 கிலோவுக்கு மேல் இதழ் தேவை. இதைத் தெரிந்துகொண்டால், சில நூறு ரூபாய்க்கு விற்கும் "சுத்தமான ரோஸ் எசென்ஷியல் ஒயில்" என்னவாக இருக்க முடியும் என்று நீங்களே கணித்துக்கொள்வீர்கள். செயற்கை வாசனை கலந்த ஏதோ ஓர் எண்ணெய்தான் அது. சந்தன எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காத்தான்குடி, ஏறாவூர்க் கடைகளில் வாங்கும் அத்தரையும் முகத்தில் தடவுபவர்கள் உண்டு. அத்தர் உடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் உரியது, முகத்துக்கு வேண்டாம்.

இந்தச் செறிவுதான் பலத்துக்கும் ஆபத்துக்கும் காரணம். கலக்காமல் ஒரு சொட்டைக்கூட முகத்தில் வைக்கக் கூடாது. "இயற்கைதானே, என்ன செய்யும்" என்று சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். கராம்பை ஐந்து நிமிடம் கன்னத்துக்குள் அடக்கி வைத்தவருக்கு இயற்கை என்ன செய்யும் என்று தெரியும்.

டீ ட்ரீ ஏன் மேலே நிற்கிறது

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பக்கம் வளரும் மெலலூக்கா என்ற மரத்தின் இலையிலிருந்து வருவது டீ ட்ரீ எண்ணெய். எங்கள் மலைநாட்டுத் தேயிலைக்கும் இதற்கும் உறவில்லை. முகப்பருவுக்கு இது உதவும் என்பதை வெறும் நம்பிக்கையாக விடாமல் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1990இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 124 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல், மற்றவர்களுக்குப் பாமசியில் விற்கும் பரு மருந்தான பென்சொயில் பெரொக்சைட் 5 சதவீதத்தில் கொடுத்தார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் வறட்சியும் எரிவும் குறைவாக இருந்தன.

இந்த முடிவை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கொடுத்தது தொழில்முறையில் செய்த, அளவு நிச்சயமான ஜெல். வீட்டில் தேங்காய் எண்ணெயில் கண்மட்டத்துக்கு ஊற்றிக் கலக்கியதற்கு அந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. எனவே டீ ட்ரீ வேண்டும் என்று தீர்மானித்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அது சேர்ந்த ஜெல்லோ முகம் கழுவும் திரவமோ வாங்குங்கள் என்பதுதான். கழுவிவிடும் பொருள் தோலில் தங்காததால் ஒவ்வாமை வரும் வாய்ப்பும் குறையும்.

லெவண்டரைப் பற்றி மனம் கொஞ்சம் இரங்குகிறது, அவ்வளவு அருமையான வாசனை. ஆனால் பருவுக்கோ கருமைக்கோ அது உதவும் என்று நம்பிக்கையோடு சொல்ல எதுவும் என்னிடம் இல்லை. அதிலுள்ள லினலூல் காற்றுப் பட்டு ஒட்சியேற்றமடையும்போது ஒவ்வாமை தூண்டும் பொருளாக மாறிவிடும். தோடை, லெமன் எண்ணெய்களில் உள்ள லிமொனினுக்கும் இதே குணம். வாசனைக்காகத்தான் வேண்டுமென்றால் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு துணியில் இரண்டு சொட்டு விடுங்கள். முகம் தப்பும், நித்திரையும் வரும்.

லெமன், பேர்கமொட் (தோடை இனத்து ஒரு பழம்), பிழிந்தெடுத்த தேசிக்காய் எண்ணெய் ஆகியவற்றைப் பகல் முகத்துக்குக் கிட்டவும் எடுக்காதீர்கள். இவற்றில் உள்ள பியூரோகுமரின் வகைப் பொருட்கள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும், அதன் பிறகு கறுப்புப் படை விழும். கழுவாமல் தோலில் விடும் பொருளில் பேர்கமொட்டுக்கு 0.4 சதவீதம், பிழிந்த தேசிக்காய் எண்ணெய்க்கு 0.7 சதவீதம், பிழிந்த லெமன் எண்ணெய்க்கு 2 சதவீதம் என்று வாசனைத் தொழிலில் உச்ச அளவு வகுத்திருக்கிறார்கள். எண்ணெய் என்றில்லை, தேசிக்காயை வெட்டி முகத்தில் தேய்த்துவிட்டு வெளியே போகும் பழக்கத்துக்கும் இதே விளைவு வரும். கருமை போகட்டும் என்று தேய்க்கிறார்கள், கருமை கூடி வருகிறார்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கறுவா எங்கள் நாட்டின் பெருமை. கறுவா இலை எண்ணெயும் பட்டை எண்ணெயும் இங்கிருந்து உலகெங்கும் போகின்றன. முகத்துக்கு இரண்டுமே ஆகாது. பட்டை எண்ணெய்க்குத் தோலில் வைக்கச் சொல்லப்படும் உச்ச அளவு 0.07 சதவீதம், அதாவது 30 மில்லிலீற்றரில் அரைச் சொட்டுக்கும் குறைவு. வீட்டில் அரைச் சொட்டை அளக்க வழியில்லை. கராம்பு, எலுமிச்சம்புல் எண்ணெய்களையும் இந்த வரிசையில் வையுங்கள். பெப்பர்மின்ட்டும் யூகலிப்டஸும் கண்ணுக்குக் கிட்டப் போனால் நீர் கொட்டும். சிறு பிள்ளைகளின் மூக்கு, முகத்தின் பக்கம் அவற்றைக் கொண்டுபோகவே கூடாது, மூச்சு முட்டலாம்.

சொட்டுக் கணக்கு

இவ்வளவுக்கும் பிறகு வீட்டில்தான் கலப்பேன் என்பவர்களுக்குக் கணக்கைச் சரியாகச் சொல்லித் தருகிறேன். ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 20 சொட்டு. 30 மில்லிலீற்றர் எண்ணெயில் 3 சொட்டு விட்டால் 0.5 சதவீதம், 6 சொட்டு விட்டால் 1 சதவீதம். முகத்துக்கு 0.5இல் தொடங்குங்கள், 1ஐத் தாண்டாதீர்கள். சொட்டின் பருமன் போத்தலின் வாயைப் பொறுத்து மாறும், எனவே சந்தேகம் வந்தால் குறைவான பக்கம் நில்லுங்கள்.

இந்தக் கணக்கை ஒரு படி மேலே கொண்டுபோனால் யாரும் விளம்பரத்தில் சொல்லாத ஒன்று தெரியவரும். இரவில் முகத்துக்குக் கால் மில்லிலீற்றர் கலவை போதும். 30 மில்லிலீற்றர் 120 இரவுக்கு வரும். வருடத்துக்கு மூன்று தடவை கலந்தால், 0.5 சதவீதத்தில் ஒருவருக்குத் தேவைப்படும் டீ ட்ரீ எண்ணெய் மொத்தம் 9 சொட்டு. நீங்கள் வாங்கிய பத்து மில்லிலீற்றர் போத்தலில் இருப்பது ஏறத்தாழ 200 சொட்டு. மிச்சம் 190 சொட்டும் எங்கள் வெக்கையில் அலுமாரிக்குள் இருந்து பழுதாகும். டீ ட்ரீ எண்ணெய் புதிதாக இருக்கும்போது ஒவ்வாமை தருவது குறைவு, காற்றுப் பட்டுப் பழசான பிறகுதான் கூடுகிறது. திறந்த ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டிய பொருளை ஒரு முகம் முடிக்கவே முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, அளவாகச் சேர்ந்த ஜெல் வீட்டுக் கலவையைவிட மேலானது என்கிறேன். கட்டாயம் போத்தல்தான் வேண்டுமென்றால் இருப்பதிலேயே சிறியதை வாங்குங்கள். அக்கா தங்கச்சி, பக்கத்து வீட்டார் என்று நாலுபேர் ஒன்றாகச் சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது. கடும் நிறக் கண்ணாடிப் போத்தலாக இருக்கட்டும், மூடி இறுக்கமாக இருக்கட்டும், பிரிட்ஜுக்குள் பிள்ளைகளின் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள். டீ ட்ரீயை விழுங்கினால் நஞ்சு.

கலந்ததை முதலில் முகத்தில் வைக்க வேண்டாம். முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு கிழமை பூசுங்கள். ஒவ்வாமை உடனே காட்டிக்கொள்ளாது, இரண்டு மூன்று நாள் கழித்தும் வரும். அதனால்தான் பூசி ஐந்து நிமிடத்தில் எரியவில்லை என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது புதிதாக எதையும் தொடங்கவே கூடாது என்பது மணப்பெண்களுக்கு நான் சொல்லும் கட்டாய விதி.

கற்றாழைச் சதையிலோ பன்னீரிலோ வாசனை எண்ணெயைச் சொட்டாக விட்டுக் குலுக்குகிறார்களே, அது கலக்காது. எண்ணெய் மேலே மிதந்து, கலக்காத முழுச்செறிவோடு ஏதோ ஓர் இடத்தில் போய் ஒட்டும். எண்ணெய் எண்ணெயில்தான் கரையும்.

எதில் கலப்பது, அல்லது எதை வெறுமனே பூசுவது

வெறும் எண்ணெய் மட்டும் போதும் என்று முடிவெடுப்பவர்களுக்கும் இந்தப் பகுதி வேண்டும். எங்கள் வீடுகளில் முதலில் கைக்கு வருவது தேங்காய் எண்ணெய். அதில் ஏறத்தாழ பாதி லோரிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். கை, கால், வெடித்த குதிக்கால் ஆகியவற்றுக்கு அதைவிட நல்லதும் மலிவானதும் இல்லை. ஆனால் பரு வரும் முகத்தில் அது துவாரங்களை அடைக்கும். இன்னொன்றும் உண்டு. மாரி மழைக்காலத்தின் புழுக்கத்தில் நெற்றியில் ஒரே அளவில் சின்னச் சின்னதாக, அரிப்போடு வரும் பொரிகளைப் பலர் பரு என்று நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் தோலில் வாழும் ஒருவகைப் பூஞ்சையால் வருபவை. அந்தப் பூஞ்சைக்கு இந்தக் கொழுப்பமிலங்கள்தான் உணவு. எண்ணெய் வைக்க வைக்க அது பெருகும். அப்படி அரித்தால் எல்லா எண்ணெயையும் நிறுத்திவிட்டு மருந்து கேளுங்கள்.

நல்லெண்ணெய் தோலுக்கு ஓரளவு ஏற்றது, ஆனால் அதன் வாசம் முகத்திலும் தலையணையிலும் நிற்கும். சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் அதிகம், தோலின் மேற்படையைக் காப்பதில் அதற்கு நல்ல பெயர். ஒலிவ் எண்ணெயை விலை கொடுத்து வாங்கிப் பூசுபவர்கள் அதை வாய்க்குள் போடுவதே மேல். அதிலுள்ள ஒலெயிக் அமிலம் வறண்ட தோலின் காப்பை இளக்கிவிடும். ஜொஜொபா என்ற விதை எண்ணெய் நல்லது, சுலபமாகக் கெடாது, பருவையும் கூட்டாது, விலைதான் கடிக்கும். என் தெரிவு, சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய். கச்சான் காலத்தில் இரவு முகம் கழுவி, ஈரம் காய்வதற்குள் நாலைந்து சொட்டு. மழைக்காலத்தில் எண்ணெய்த் தோல்காரருக்கு அதுவும் வேண்டாம். பகலில், வேர்வை வடியும் முகத்தில் எந்த எண்ணெயும் வேண்டாம்.

பன்னீர் விற்கும் போத்தலின் பின்பக்கத்தைப் படியுங்கள், பலதும் தண்ணீரும் வாசனையும்தான். குளிர்ச்சிக்குப் பூசலாம், மருந்தாக நம்ப வேண்டாம். கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவிய பிறகே சதையை எடுங்கள், அந்தப் பால் அரிக்கும்.

பாமசி மருந்தோடு ஒப்பிட்டால்

பருதான் பிரச்சினை என்றால் நேர்வழி பென்சொயில் பெரொக்சைட். 2.5 சதவீதத்தில் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒரு இரவு, பட்டாணி அளவு. இதுவும் எரிக்கும், வறட்டும், தலையணை உறையை வெளுக்கச் செய்யும். ஆனால் டியூபில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அளவைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம். வாசனை எண்ணெயில் இந்தப் பிடிமானம் கிடையாது. எனவே லேசான பரு, வறண்ட தோல், பெரொக்சைட் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டீ ட்ரீ ஜெல். நடுத்தரமான பரு, அடையாளம் விழத் தொடங்கிவிட்டது என்றால் பெரொக்சைட், அல்லது டொக்டர் எழுதித் தரும் அடாபலீன். கட்டி கட்டியாக, வலியோடு வருகிறதென்றால் வீட்டுச் சோதனை எதுவும் வேண்டாம், தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் குழியாக முகத்தில் நிற்கும்.

கன்னத்தில் இருபுறமும் படரும் கருமைக்கு எந்த வாசனை எண்ணெயும் உதவாது. அவர்களுக்கு சன்ஸ்கிறீன்தான் மருந்தின் முதற்பாதி. அதிலும் தோல் நிறம் கலந்தது நல்லது. அந்த நிறத்தைத் தரும் இரும்பு ஒட்சைட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் மறைக்கும். ஆனால் "ஒரு கிழமையில் வெள்ளையாகும்" என்று சொல்லி விற்கும் பெயர் தெரியாத கிறீம்களுக்குப் போவதைவிட ஒன்றும் பூசாமல் இருப்பது ஆயிரம் மடங்கு நல்லது. அவற்றில் பாதரசமோ ஸ்டீரொயிட்டோ இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஸ்டீரொயிட் தோலை மெலிய வைத்து, நிறுத்தியதும் முகத்தை இரத்தச் சிவப்பாக்கும்.

தயாரித்த பொருள் வாங்கும்போது பின்பக்கத்தில் லினலூல், லிமொனின், சிட்ரல், ஜெரனியோல், யூஜினோல் என்ற பெயர்களைத் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படியான 26 வாசனைப் பொருட்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்றிருந்தது. 2023இல் அந்தப் பட்டியல் 80ஐத் தாண்டியது. அங்கிருந்து வரும் பொருட்களில் இப்பெயர்கள் இருப்பதற்கு அதுவே காரணம். எக்ஸிமா உள்ளவர்களுக்கும், வாசனைப் பவுடருக்கே தும்முபவர்களுக்கும் இந்தப் பெயர்கள் இல்லாத பொருளே ஏற்றது. கர்ப்பிணிகள் வாசனை எண்ணெயைத் தவிர்ப்பதே நல்லது. அடாபலீனும் அவர்களுக்கு ஆகாது, கிளினிக்கில் கேட்டு நடக்கட்டும்.

ஏதாவது பூசி முகம் எரிந்து, சிவந்து, தடித்துவிட்டால் மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, பூசிய எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கண்ணுக்குள் போனால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பற்பசை, மஞ்சள், தேசிக்காய் எதையும் மேலே அப்ப வேண்டாம். வெறும் வாசலினும் நிழலும் போதும். கண் மடல் வீங்கினாலோ, நீர்க் கொப்புளம் போட்டாலோ, மூச்சு இழுத்தாலோ காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். அவசரமில்லாத ஒவ்வாமைக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தோல் கிளினிக் எந்த நாளில் என்று விசாரியுங்கள். அம்பாறை மாவட்டத்தில் இருப்பவர்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலையில் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. போகும்போது பூசிய போத்தலையும் அதன் பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க டொக்டருக்கு முதலில் வேண்டியது அதில் எழுதியிருக்கும் பெயர்கள்.